பாதிரி வண்டிக்காரர்

அவரிடம் "எப்படிண்ணே இருக்கீங்க" என்று கேட்டால், "பிளக்குல கரி பிடிக்குது மாப்ள, பெட்ரோல் சரியில்ல" என்பார். வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்டால், பின் சக்கரத்தில் காற்று இறங்கிக்கொண்டே இருப்பதைச் சொல்வார். அவருடைய அப்பா இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்து வெளியே வந்த அன்று, நான் முகத்தை நீளமாக வைத்துக்கொண்டு, நாலு நாள் ஒத்திகை பார்த்திருந்த துக்க வார்த்தைகளைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "பதினாறு நாளா எடுக்காமப் போட்டதுல கிளட்ச் பிளேட்டு ஒட்டிக்கிருச்சு. உதைச்சு உதைச்சுத்தான் பிரிச்சேன்" என்றார்.

வண்டிப் பைத்தியம் என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன். ஒரு மனுஷனைப் பற்றி எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னால் அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை என்று நினைக்கிற வயது எனக்கு.

எண்பதுகளின் தொடக்கம் அது. அவர் ஒரு மருந்துக் கம்பெனியின் ரெப். தோல்பை, டை, முகம் பார்க்கலாம் போலப் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. மேற்கே உசிலம்பட்டி, தெற்கே டி. கல்லுப்பட்டி வரை எந்த டாக்டர் எத்தனை மணிக்கு இட்லி சாப்பிடுவார், எந்தக் கம்பவுண்டர் சிரித்தால் உள்ளே விடுவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர்களுக்கும் இவரை நன்றாகத் தெரியும். வாசலில் 'தொப் தொப்' என்று சத்தம் கேட்டதும், பாதிரி வண்டி வந்துவிட்டது என்று டாக்டர்கள் நாடித்துடிப்பை எண்ணிக்கொண்டே சொல்வார்களாம்.

அந்த வண்டி இத்தாலியில் செய்தது. எங்கள் பக்கம் ஒரு மிஷன் மருந்தகத்தை நடத்திவந்த இத்தாலிப் பாதிரியார் கப்பலில் கொண்டுவந்தது. அவர் வயதாகி ஊருக்குத் திரும்பியபோது, சாம்பிள் மருந்துகளைத் தவறாமல் கொண்டுவந்து கொடுத்த இவரிடம் விட்டுவிட்டுப் போனார். ஒற்றை சிலிண்டர், சிவப்பு டாங்க். டாங்கில் பெயிண்ட் தேய்ந்த இடத்தைக் காட்டி, சாமியாரின் அங்கி உரசி உரசித் தேய்ந்தது என்பார்.

என்னுடையதும் இத்தாலி. அதே கம்பெனி, இருபது வருஷத்துக்கு மேல் பிந்திச் செய்தது. அப்பாவுக்கு மதுரையில் மரக்கடை. தூத்துக்குடி துறைமுகத்தில் யாரும் உரிமை கேட்காமல் கிடந்த தேக்குக் கட்டைகளைச் சுங்க ஏலத்தில் எடுக்கப் போனவர், தப்பான குவியலுக்குக் கையைத் தூக்கிவிட்டு மோட்டார் சைக்கிளோடு திரும்பி வந்தார். மரமாக இருந்தால் அறுக்கலாம், இதை வைத்து என்ன செய்வது என்று இரண்டு நாள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூன்றாம் நாள் என் பக்கம் தள்ளிவிட்டார். எனக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே பயம். ஆனால் கல்யாணமாகி மூன்று மாதம். பயத்தை வீட்டில் காட்டிக்கொள்ள முடியாத பருவம்.

மதுரையில் இந்த இரண்டைத் தவிர வேறு இத்தாலி மோட்டார் சைக்கிளை நான் பார்த்ததில்லை. இரண்டையும் திறந்து பார்க்கத் துணிந்தவர் சிம்மக்கல் பக்கம் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் பாய் ஒருவர்தான். அங்கேதான் நாங்கள் பழகினோம். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். முறை எப்படி வருகிறது என்று பாய் ஒரு தடவை விரல் விட்டுப் பார்த்துவிட்டு, எங்கள் இரண்டு வண்டிக்கும் இருக்கிற உறவுதான் இதற்கும் என்று முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் சமயநல்லூர் வரை போவோம். அங்கே சாலையோர டீக்கடையில் இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டு, எது ஒசத்தி என்று சண்டை போடுவோம். சுற்றிப் பத்துப் பேர் நின்று கேட்பார்கள். பாதிப் பேர் அவர் கட்சி. எனக்குச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் இளவட்டங்கள். பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட் ஆவதைப் பார்த்து விழுந்தவர்கள்.

என் வண்டியில் இரண்டு சிலிண்டர், முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், திரும்பும்போது மினுக்குகிற விளக்கு. அவர் வண்டியில் விளக்கே டார்ச் போலத்தான் எரியும். மினுக்கு விளக்கு இல்லாமல் எப்படித் திரும்புவது என்று நான் கேட்டால், கை இருக்கிறதே என்பார். பேட்டரி செத்தால் உன் வண்டி பிணம், என் வண்டிக்குப் பேட்டரி என்று ஒன்று இருப்பதே தெரியாது என்பார். கூட்டம் சிரிக்கும். கடைசியில் எப்போதும் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்பார்.

"என் வண்டி தப்புச் செய்யப் போகுதுன்னா முன்னாடியே சொல்லிரும் மாப்ள. உன் வண்டி செஞ்சு முடிச்சுட்டுத்தான் சொல்லும்."

ஓட்டிப் பார்க்காமலே எப்படிச் சொல்லலாம் என்பது என் கட்சி. நான் அவருடையதை ஓட்டிவிட்டேன். அதைப் பற்றிச் சொல்ல வேண்டும், வெட்கமாக இருந்தாலும்.

அவர் வண்டியில் வலது காலுக்குக் கியர், இடது காலுக்குப் பிரேக். பழைய இத்தாலிக்காரன் அப்படித்தான் செய்தான், நம் புல்லட்டைப் போலவே. என் வண்டியில் எல்லாம் தலைகீழ்: இடது காலுக்குக் கியர், வலது காலுக்குப் பிரேக். அவர் இதைப் பத்துத் தடவை சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். நானும் பத்துத் தடவை தலையாட்டினேன். சமயநல்லூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் ஒரு கரும்பு வண்டி நின்றது. பயம் வந்தால் என் மூளை முதலில் தன்னைத்தான் காப்பாற்றிக்கொள்ளும். கால்களை அதனதன் விதிக்கு விட்டுவிடும். வலது கால் பிரேக் என்று நினைத்து ஓங்கி மிதித்தது. அது கியர். வண்டி உறுமிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. கண்ணைத் திறந்தபோது என் முகம் கரும்புக் கட்டுக்குள் இருந்தது, இரண்டு காதுக்கும் பக்கத்தில் ஒவ்வொரு கரும்பு. மாடுகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டிக்காரர் மட்டும் இறங்கி வந்து, கரும்பு வேண்டுமென்றால் கேட்டிருக்கலாமே என்றார்.

அண்ணன் ஓடி வந்தார். என்னைத் தூக்கி நிறுத்தினார். சட்டையில் தூசியைத் தட்டினார். அடி பட்டிருக்கிறதா என்று தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தார். தடவிக்கொண்டே சொன்னதெல்லாம், கிளட்ச் ஒயர் தப்பித்தது நல்ல காலம் என்பதுதான்.

அதற்குப் பிறகு எனக்கு நியாயம் கேட்க உரிமை வந்துவிட்டது. நான் உங்கள் வண்டியில் உயிரை விடப் பார்த்தேன், நீங்கள் என் வண்டியில் ஒரு மைல் போகக்கூடாதா என்று வாரா வாரம் கேட்டேன். வாரா வாரம் ஒரு காரணம் சொன்னார். சீட் உயரம் என்றார். பட்டனைத் தட்டி ஸ்டார்ட் செய்வது வண்டியை அவமானப்படுத்துவது என்றார். ஒரு வாரம், பாதிரியார் கோபித்துக்கொள்வார் என்றார். பாதிரியார் இருப்பது இத்தாலியில். இந்தத் திமிரை உடைத்தே ஆகவேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி.

ஒரு சனிக்கிழமை கல்லுப்பட்டியில் அவருக்கு ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. நானும் என் வண்டியில் கூடப் போனேன். வேலை முடிந்து பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே டீ சொன்னோம். அவர் வண்டியை ஸ்டாண்டில் போட்டு, அதன் மேலேயே பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டார். மலையேறி இறங்கிய வண்டி போல சைலன்சர் கொதித்துக்கொண்டிருந்தது. கார்புரேட்டரில் மிதவை எப்படி ஏறி இறங்குகிறது என்று டீ கிளாஸைச் சாய்த்துச் சாய்த்து எனக்கு விளக்கினார்.

டீக்கடைக்காரர் அடுப்பைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். ஏதோ கருகுகிறதே என்றார். முடி பொசுங்குகிற வாடை. நான் கீழே பார்த்தேன். அண்ணனின் வலது கணுக்கால் சைலன்சர் மேல் சாய்ந்திருந்தது. ஷூவுக்கு மேலே சாக்ஸ் உருகித் தோலோடு ஒட்டியிருந்தது. அவர் மிதவையில் இருந்தார்.

"அண்ணே, காலு" என்றேன்.

குனிந்து பார்த்தார். உதறவில்லை. துள்ளவில்லை. அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தை எடுத்துவைப்பது போல, அந்தக் காலை மெதுவாகத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். நைலான் சாக்ஸ், கருகினால் இப்படித்தான் நாறும் என்றார். பிறகு கைக்குட்டையால் சைலன்சரைத் துடைத்து, "குரோம்ல கறை ஒட்டிக்கிருச்சு பாரு" என்று எனக்குக் காட்டினார்.

கறையில் இருந்தது சாக்ஸ் மட்டுமல்ல.

அந்தக் காலத்தில் பேருந்து நிலையச் சுவர், பள்ளிக்கூடச் சுவர் எங்கும் எழுதியிருப்பார்கள்: உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயின் அறிகுறி. மூத்திரம் போகாதே என்பதற்குப் பக்கத்தில் அது இருக்கும். ஆயிரம் தடவை படித்தும் எனக்கு அது ஒரு எழுத்து வரிசை மட்டும்தான். கல்லுப்பட்டியிலிருந்து மதுரைக்கு வருகிற வழியெல்லாம் அந்த வரிசை என் ஹெட்லைட்டுக்கு முன்னால் ஓடியது.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த காரியங்களைச் சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டில் டெட்டால் வாங்கி, அவர் தொட்ட ஞாபகம் இருந்த இடத்தையெல்லாம் கழுவினேன்: ஹேண்டில்பார், சீட், டாங்க் மூடி. கரும்பு வண்டியிலிருந்து அவர் என்னைத் தூக்கி நிறுத்தியது நினைவு வந்து, அன்றைக்குப் போட்டிருந்த சட்டையைத் தேடி எடுத்து அதையும் நனைத்தேன். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு, நிலைக்கண்ணாடி முன் நின்று, ஊக்கால் என்னை நானே உச்சி முதல் உள்ளங்கால் வரை குத்திப் பார்த்தேன். எல்லா இடத்திலும் வலித்தது. ஒவ்வொரு வலிக்கும் ஒரு நிம்மதி. குதிகாலில் மட்டும் வலிக்கவில்லை. உட்கார்ந்துவிட்டேன். குதிகால் தோல் காய்த்துப்போனது, யாருக்கும் அங்கே வலிக்காது என்பதெல்லாம் மறுநாள்தான் புத்தியில் பட்டது. அறைக்குள் வந்த என் மனைவி, கண்ணீரோடு தன் குதிகாலில் ஊக்கைக் குத்திக்கொண்டிருந்த புது மாப்பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒரு கெட்ட பழக்கமும் இல்லைன்னுதான சொன்னாக" என்றாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. ஒரு வாரம் காய்ச்சல், ஒரு வாரம் விருந்தாளி, ஒரு வாரம் மரம் இறக்குகிறோம். அவர் சொல்கிற காரணங்களை விட என் காரணங்கள் மட்டமானவை. நாலாவது வாரம் அவரே கடைக்கு வந்துவிட்டார். அப்பா பின்கட்டில் பலகை அளந்துகொண்டிருந்தார். அண்ணன் என் மேஜைக்கு முன்னால் நின்று கையை நீட்டினார்.

"சாவியக் குடு மாப்ள. இன்னைக்கு உன் வண்டிய ஓட்டிப் பாத்துர்றேன்."

மாதக்கணக்காக நான் கெஞ்சியது. சாவியை எடுத்தேன். அவர் உள்ளங்கை நீட்டியபடியே இருந்தது. நான் சாவியை மேஜை மேல் வைத்தேன்.

அவர் சாவியைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். அது ஏற்கெனவே மேஜைக்குக் கீழே போய்விட்டது. அவர் நீட்டிய கையை அவசரமில்லாமல் மடக்கிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்தார்.

"உன் வண்டியில பிரேக்கு வலது காலுக்கு" என்றார். "எனக்கு வலது காலுல ஒண்ணும் தெரியாது மாப்ள. அஞ்சு வருசமாச்சு. கியருன்னா விழுந்துச்சா இல்லையான்னு சத்தம் சொல்லிரும். பிரேக்க எம்புட்டு அமுக்குறோம்னு காலுதான சொல்லணும்."

அவர் தன்னைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பிரேக்க இடது பக்கம் மாத்திரலாம்ணே. பாய்கிட்டச் சொன்னா ஒரு நாள் வேலை."

"வண்டிய விடு மாப்ள" என்றார்.

அப்புறம் நிறையச் சொன்னார், தாழ்ந்த குரலில். மருந்துப் பை தூக்கிக்கொண்டு தினம் எட்டு டாக்டர்களைப் பார்க்கிறவருக்கு, காட்டிக்கொள்ள ஒரு டாக்டர் இல்லை. எல்லாரும் தெரிந்தவர்கள். ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போய்விட்டால், பிறகு எவர் அறைக்குள் விடுவார்கள்? கம்பெனி பையை வாங்கி வைத்துக்கொள்ளும். மனைவிக்குத் தெரியாது என்றார். தெரிந்தால் உடைந்துவிடுவாள் என்றார். திண்டுக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் இதற்கென்று ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே தன்னை யாருக்கும் தெரியாது, நீ கூட வந்தால் போய்விடலாம் என்றார். பாதிரி வண்டியில் போனால் வழியில் இருக்கிற அத்தனை டாக்டர்களுக்கும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஆகவே என் வண்டியில் போகவேண்டும்.

போனோம். ஐம்பது மைல். அவர் என் வண்டியில் ஏறியது அன்றைக்குத்தான், அதுவும் பின்னால். மேடு பள்ளத்தில் அவர் கை என் தோளைப் பிடிக்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். மூச்சுக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. வாடிப்பட்டி தாண்டியதும் அவர் கையை எடுத்து சீட்டின் பின்கம்பியில் வைத்துக்கொண்டார். பிறகு எந்தப் பள்ளத்திலும் தோளைப் பிடிக்கவில்லை.

யாருக்கும் தெரியக்கூடாது என்று இவ்வளவு திட்டம் போட்ட இரண்டு புத்திசாலிகளும் ஒன்றை மறந்துவிட்டோம். அந்த ஊரில் ஒரு இத்தாலி மோட்டார் சைக்கிளை யாரும் கண்டதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திய ஐந்தாவது நிமிஷம் தெருவே கூடிவிட்டது. எந்த ஊர், என்ன விலை, லிட்டருக்கு எத்தனை போகும் என்று கேள்வி. உள்ளேயிருந்து நோயாளிகளும் வந்து பார்த்தார்கள். விரல் மடங்கிய கைகள் டாங்கைத் தடவின. நான் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். என் கையை மட்டும் வண்டியிலிருந்து எடுத்துவிட்டேன்.

டாக்டர் அவர் காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பஞ்சால் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் நோய் போய்விடும், போன உணர்ச்சி திரும்பாது, ஆனால் இருக்கிற விரல்களைக் காப்பாற்றலாம் என்றார். கூட வருகிறவர்களுக்கு ஒட்டாதா என்று கேட்டேன். கூட வருகிறவர் யார் என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

பிறகு பதிவேடு. எழுதுகிறவர் பேரும் விலாசமும் கேட்டார். அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். எழுதுகிறவரின் கண் ஜன்னல் வழியாக வெளியே கூட்டத்துக்குள் நின்ற வண்டி மேல் இருந்தது. அந்த வண்டி உங்களுதா என்று கேட்டார். அண்ணனும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"ஆமா" என்றார். பிறகு வண்டிக்காரனின் பேரைச் சொன்னார். மரக்கடை விலாசத்தைச் சொன்னார். என் பேர். என் விலாசம். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

பேனா ஓடியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பெருந்தன்மை என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பயம், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பாதி வழியில் அவரே பின்னாலிருந்து சொன்னார், "வாயில அதுதான் வந்துச்சு மாப்ள." காற்றில் கேட்காத மாதிரி ஓட்டினேன்.

அதற்குப் பிறகு மாதா மாதம் அவரே பேருந்தில் போய் மாத்திரை வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமைகள் மறுபடியும் நடந்தன. கொஞ்சம் இடைவெளி விட்டு நின்றுகொண்டு சண்டை போட்டோம். ஆறேழு மாதம் இருக்கும். கம்பெனி அவருக்குச் சிவகாசி, ராஜபாளையம் எல்லாம் சேர்த்துக் கொடுத்தது. ஞாயிறு வருவது குறைந்தது. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். வாய் வரை வரும். உடம்பு எப்படியிருக்கிறது என்று பொதுவாகக் கேட்டு வைப்பேன். செயின் தளர்ந்துவிட்டது என்பார். கேட்கிற கடமையும் முடிந்தது, பதிலும் வந்துவிட்டது என்று நிம்மதியாகத் திரும்புவேன்.

ஒரு நாள் மத்தியானம், மரக்கடை வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. காக்கிப் பை மாட்டிய ஒருவர். தொழுநோய் ஆய்வாளர். அந்த ஊர் ஆஸ்பத்திரி மதுரைக்குத் தபால் போட்டிருக்கிறது. மேஜைக்கு முன்னால் வந்து, ஓர் அட்டையைப் பார்த்து என் பேரை வாசித்தார். அவர் இருக்கிறாரா என்று கேட்டார்.

அப்பா மூன்று அடி தள்ளி நின்றார். மரம் வாங்க வந்த ஓர் ஆசாரி இருந்தார். ஆய்வாளர் தன் குரலைத் தணித்துத்தான் பேசினார், பாவம், இந்த வேலையில் பழகிய மனிதர்.

"மூணு மாசமா மாத்திரை வாங்க வரல. நடுவுல விட்டா விரல் மடங்கிரும். கால்ல புண்ணு வந்தா ஆறாது, காலையே எடுக்கிற மாதிரி ஆயிரும். அதான் தேடி வந்தேன்."

"அந்த ஆளு இங்க இல்லை" என்றேன். "கோயம்புத்தூர் போயாச்சு. விலாசம் தெரியாது."

அவர் அட்டையில் ஏதோ எழுதினார். சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். பேருக்குச் சொந்தக்காரன் நான், நோய்க்குச் சொந்தக்காரர் அவர். ஒரே வரியில் இரண்டு பேரையும் இல்லாமல் செய்துவிட்டேன். அப்பா, யார் வந்தது என்று கேட்டார். சந்தா வாங்க வந்தவர் என்றேன்.

பேனாவை எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். விரல்கள் எல்லாம் சொன்னபடி மடங்கின, நிமிர்ந்தன. எழுந்து போய் வண்டியை எடுத்தேன்.

ஆய்வாளரை யானைக்கல் பக்கம் பிடித்தேன். முன்னால் குறுக்கே நிறுத்தினேன். மனிதர் சைக்கிளோடு சாயப்பார்த்தார். அந்தப் பேர் என்னுடையது, ஆள் நான் இல்லை என்றேன். ஒரு தடவைக்கு அவருக்குப் புரியவில்லை. மூன்றாவது தடவை சொன்னபோது அட்டையை எடுத்தார்.

"சரி. அவரு பேரு என்ன?"

இங்கே நான் நிறுத்தியிருக்கலாம். நானே போய் அண்ணனிடம் சொல்கிறேன், நானே கையைப் பிடித்துக் கூட்டி வருகிறேன், ஒரு வாரம் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார், அப்படிப்பட்ட முகம். ஆனால் கையைப் பிடித்து என்பதில் என் வாக்கியம் நின்றுவிட்டது. பேரைச் சொன்னேன். தெருவைச் சொன்னேன். கம்பெனி பேரைக்கூட அவர் கேட்காமலே சொன்னேன். பயந்தவன் பேச ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தமாட்டான்.

பிறகு நடந்ததெல்லாம் பாய் சொல்லித்தான் தெரியும். ஆய்வாளர் வீட்டுக்குப் போனபோது அண்ணனின் மனைவிதான் கதவைத் திறந்திருக்கிறார். அண்ணன் உள்ளே இருந்திருக்கிறார்.

"அந்தம்மா அதிரவே இல்லையாம்" என்றார் பாய். "எனக்குத் தெரியும், தினம் அவுக ஷூவத் தட்டி, உள்ள கல்லு கிடக்கான்னு பாத்துத்தான எடுத்து வைக்கிறேன்னுச்சாம். இவரு பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டிருந்திருக்காரு. வருசக்கணக்கா பாத்துருக்கு, ஒரு வார்த்தை சொல்லல."

இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் பாய் என்று கேட்டேன்.

"அவருதான் சொன்னாரு. இப்பல்லாம் உக்காந்தா வீட்டுக் கதை, உடம்புக் கதை எல்லாம் சொல்றாரு. வண்டிய நான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கு." ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சேர்த்தார்: "நீ ஞாயித்துக்கிழமை வருவியான்னு கேட்டுக்கிட்டு, சனிக்கிழமை வந்துட்டுப் போயிர்றாரு."

ரெப் வேலை போய்விட்டது. விற்பனை குறைவு என்று கம்பெனி காரணம் எழுதியதாம். விற்பனையா, நான் யானைக்கல்லில் நின்று கொட்டியதா என்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். யாரிடம் கேட்பது என்றும் தெரியும். வீடு வரை இரண்டு தடவை போனேன். ஒரு தடவை தெருமுனை, ஒரு தடவை கதவு. கதவில் பூட்டு இல்லை. தட்டாமல் வந்துவிட்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்து, வைகைத் தரைப்பாலத்தில் எதிரும் புதிருமாக வந்தோம். ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் பாலத்தைத் தொட்டுப் போய்க்கொண்டிருந்ததால் எல்லா வண்டிகளும் ஊர்ந்தன. அவர் டை கட்டவில்லை. பின்னால் தோல்பைக்குப் பதிலாக, கிராமத்துக் கடைகளுக்குப் போடுகிற சைக்கிள் டயர்கள் கட்டியிருந்தன. காலில் ஷூ இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுப்பார்களே, கறுப்பு ரப்பர் செருப்பு, பார்த்தவுடன் எல்லாருக்கும் என்னவென்று தெரிகிற செருப்பு, அதைப் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் ஊருக்கு நடுவே ஓட்டி வந்தார். வலது கால் கியரைத் தட்டியது. கால் இருந்தது.

ஒரு முழம் தூரத்தில் கடந்தோம். நான் கையைத் தூக்கினேன். தண்ணீரில் வண்டி வழுக்கும் என்று அவர் இரண்டு கையையும் ஹேண்டில்பாரிலேயே வைத்திருந்தார். நான் எண்ணினேன். பத்து விரலும் நேராக இருந்தன.